டப்பா மானிட்டருக்குப் புது கிராஃபிக்ஸ் கார்டு: பெங்களூருவில் தொடங்குபவர்களுக்கு

‘டப்பா’ என்று அழைக்கப்படும் பழைய படக்குழாய் மானிட்டரில் (சிஆர்டி) கேம் ஆட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் செய்யும் தவறு ஒன்றே. புது கார்டின் டிஜிட்டல் சிக்னலை மானிட்டரின் அனலாக் விஜிஏ இணைப்புக்கு மாற்றித் தரும் அடாப்டரில் கையில் கிடைத்ததை வாங்கிவிட்டு, பிறகு மானிட்டரைத் தேடுவார்கள். வரிசை நேர் எதிராக இருக்க வேண்டும். மானிட்டர் முதலில், அதன் எண்களைப் பார்த்த பிறகுதான் அடாப்டர். இந்த வேலையில் இரண்டு எண்கள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன: மானிட்டர் தாங்கும் கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை ஆயிரம் கோடு), அடாப்டர் தாங்கும் மெகாஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை மில்லியன் புள்ளி). இவை புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் கை வேலை.

இவ்வளவு சிரமப்பட்டு இதைச் செய்ய ஒரு காரணம் இருக்கிறது. எல்சிடி, ஓஎல்இடி திரைகள் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 படம் என்ற வேகத்தில், ஒரு படத்தை 16.7 மில்லிசெகண்ட் முழுக்கப் பிடித்து வைத்திருக்கும். நம் கண் நகரும் பொருளைத் தொடர்ந்து ஓடும்போது அந்த நின்ற படம் விழித்திரையில் இழுபடுகிறது, அதுதான் மங்கல். டப்பா மானிட்டரில் ஒளிர்பொடி ஒரு கணம் மின்னி உடனே அணைந்துவிடும். படம் இழுபட நேரமே கிடைக்காது. பக்கவாட்டில் ஓடும் கேமில் எழுத்துகள் நகர்ந்துகொண்டே இருக்கும்போதும் வாசிக்க முடிகிறது என்றால் இதனால்தான்.

முதலில் ஒரு எச்சரிக்கை

மானிட்டரின் பின்மூடியைக் கழற்றாதீர்கள். படக்குழாயின் ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். குழாயே ஒரு கெபாசிட்டர் போல வேலை செய்வதால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கும். மின்வழங்கிப் பகுதியின் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்குத் தனியாக நிற்கும். இந்தக் கட்டுரையில் சொல்லும் எதற்கும் மூடியைத் திறக்கத் தேவையில்லை. உள்ளே சரிசெய்ய வேண்டிய கோளாறு என்றால், பழைய டிவி மெக்கானிக் ஒருவரிடம் கொடுங்கள். சிவாஜிநகர், அல்சூர் பக்கமெல்லாம் குண்டு டிவி காலத்தில் தொழில் கற்ற கைகள் இன்னும் இருக்கின்றன.

எங்கே தேடுவது

டவுன் ஹாலுக்கு அருகே உள்ள எஸ்.பி. ரோட்டில் முன்வரிசைக் கடைகளில் கேட்டால் சிரிப்பார்கள். பழைய உதிரிபாகம் விற்கும் உள்சந்துக் கடைகளில் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிக்பேட்டைப் பக்கம் பி.வி.கே. ஐயங்கார் ரோட்டை ஒட்டிக் கூடும் சண்டே பஜாரில் அவ்வப்போது வரும். ஆனால் அங்கே பிளக் செய்து பார்க்க வசதி கிடைப்பது அபூர்வம். இயக்கிப் பார்க்காமல் வாங்கினால் அது சூதாட்டம். மூடப்பட்ட பிரவுசிங் சென்டர், டிடிபி கடை, கல்லூரி ஆய்வகம், பழைய எக்ஸ்ரே மையம் ஆகியவற்றின் ஸ்டோர் ரூம்கள்தான் நல்ல இடம். ஏரியாவில் உள்ள குஜரிக் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், சொல்லி வையுங்கள். “ஹளே டப்பா மானிட்டர் இத்யா?” என்று கேட்டால் போதும். தமிழில் கேட்டாலும் பல கடைகளில் புரியும். “உடைக்காமல் வையுங்கள், நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்” என்று அழுத்திச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் தாமிரத்துக்காக மானிட்டரை உடைத்துவிடுவது அங்கே வழக்கம்.

அளவைப் பொறுத்து என்ன எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு. 15 அங்குலம் என்றால் பெரும்பாலும் 54 கிலோஹெர்ட்ஸ் வரை. 800×600-ஐ 85 ஹெர்ட்ஸில் ஓட்டும். 17 அங்குலத்தில் 70 சுமார். 1024×768 இல் 85 ஹெர்ட்ஸ். 19 அங்குலம் 95 வரை போகும். 1280×960 அல்லது 1280×1024 இல் 85. 21 அங்குலத்தில் 107க்கு மேல் இருந்தால் 1600×1200 இல் 85. பின்பக்க லேபிளில் மாடல் எண் இருக்கும். அதை வைத்து இணையத்தில் மேனுவலைத் தேடி ‘ஹரிசாண்டல் ஃப்ரீக்வென்சி’ என்ற வரியைப் பாருங்கள். 30 முதல் 70 என்று இருந்தால் 70தான் உங்கள் முதல் எண். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நல்ல நிலையில் உள்ள 17 அங்குலமே போதும். 21 அங்குலம் சுமார் 30 கிலோ எடை. சாதாரணக் கம்ப்யூட்டர் மேசை வளைந்துவிடும். இரண்டாம் மாடி வாடகை வீட்டுக்குத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. சோனியின் 24 அங்குல எஃப்டபிள்யூ900, அதாவது 121 கிலோஹெர்ட்ஸ் வரை போய் 2304×1440-ஐ 80 ஹெர்ட்ஸில் காட்டும் அகலத்திரை மாடல், உலகம் முழுக்க ஆள் தேடும் பொருள். 40 கிலோவுக்கு மேல் எடை. அதற்காகக் காத்திருந்து ஆரம்பிக்காமலே இருந்துவிடாதீர்கள்.

வாங்கும் முன் இருபது நிமிடம்

விஜிஏ உள்ள பழைய லேப்டாப்பையோ, வேலை செய்கிறது என்று தெரிந்த அடாப்டர் போட்ட லேப்டாப்பையோ எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். குளிர்ந்த மானிட்டர் காட்டும் படம் உண்மையான படம் கிடையாது.

முதலில் முழுக் கறுப்புப் படத்தைப் போடுங்கள். பிரைட்னஸை நடுவில் வைத்தாலும் கறுப்பு சாம்பல் நிறமாக ஒளிர்ந்து, அதன் மேல் சாய்வான மெல்லிய கோடுகள் தெரிந்தால் உள்ளே மின்னழுத்தம் நகர்ந்துவிட்டது. சரிசெய்யலாம், ஆனால் மெக்கானிக் வேலை. அடுத்து முழு வெள்ளை. ஒரு மூலையில் இளஞ்சிவப்போ பச்சையோ திட்டாகத் தெரிந்தால் காந்தம் ஏறியிருக்கிறது; மெனுவில் டிகாஸ் கொடுத்தால் ‘டொய்ங்’ என்ற ஒலியோடு படம் குலுங்கிச் சரியாக வேண்டும். டிகாஸுக்குப் பிறகும் அதே இடத்தில் அதே கறை நின்றால் விட்டுவிடுங்கள். அதற்கடுத்து சின்ன எழுத்து நிறைந்த பக்கம். நடுவிலும் நான்கு மூலைகளிலும் எழுத்து வாசிக்க முடிகிறதா? நடுவிலேயே மங்கலாக இருந்தால் வேண்டாம். மூலையில் மட்டும் லேசாக மங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். போட்டவுடன் படம் மங்கலாக வந்து, பத்து நிமிடம் கழித்துத்தான் வெளிச்சம் ஏறுகிறதென்றால் குழாய் களைத்துவிட்டது.

டிரினிட்ரான், டைமண்ட்ரான் வகைக் குழாய்களில் வெள்ளைத் திரையில் குறுக்கே ஒன்றிரண்டு மெல்லிய நிழல்கோடு தெரியும். அது உள்ளே இருக்கும் கம்பிவலையைப் பிடித்திருக்கும் இழை. கோளாறு என்று நினைத்து நல்ல குழாயைத் தள்ளிவிடாதீர்கள்.

எடுத்து வரும்போது எடை முழுக்க முன்பக்கக் கண்ணாடியில் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. திரையை மார்போடு அணைத்துத் தூக்க வேண்டும். ஆட்டோவில் தடித்த போர்வை விரித்து, திரை கீழ்நோக்கி இருக்குமாறு படுக்க வையுங்கள். பின்பக்கக் கழுத்து மெல்லிய கண்ணாடி. அங்கே ஒரு இடி பட்டால் வெற்றிடம் போய்விடும், அதோடு குழாயும் போய்விடும். மழைக்காலத்தில் ஈரமான கிடங்கிலிருந்து எடுத்து வந்தால் ஒரு நாள் முழுக்க உலர்ந்த அறையில் வைத்துவிட்டுப் பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். ஈரத்தோடு போட்டால் உயர்மின்னழுத்தம் கசிந்து சடசடவென்று சத்தம் வரும்.

இரண்டாவது எண்

இன்றைய கேமிங் கிராஃபிக்ஸ் கார்டுகளில் அனலாக் வெளியீடு இல்லை. என்விடியாவில் 2015இல் வந்த ஜிடிஎக்ஸ் 980 டிஐ வரை டிவிஐ-ஐ (DVI-I) துளை வழியாக நேரடி அனலாக் கிடைத்தது. 2016இல் வந்த 10 வரிசையோடு அது நின்றுவிட்டது. ஏஎம்டியின் உயர்நிலைக் கார்டுகளில் 2013இல் வந்த ஆர்9 290இலேயே போய்விட்டது. பழைய கார்டு கையில் இருந்தால் டிவிஐ துளையைப் பாருங்கள்: தட்டையான பிளவைச் சுற்றி நான்கு சிறு ஓட்டைகள் இருந்தால்தான் அனலாக் வரும். அப்போது சில்லு எதுவும் இல்லாத, நேரடியாகச் செருகும் சின்ன மாற்றியே போதும். 400 மெகாஹெர்ட்ஸ் வரை தரும் அந்தக் கார்டுகளின் அனலாக் வெளியீடு இன்றும் நன்றாகவே இருக்கிறது. ஜிடிஎக்ஸ் 960, 970 போன்றவை செகண்ட் ஹேண்டில் கிடைத்தால், பழைய கேம்களுக்கு அதைவிட எளிய வழி இல்லை.

புதிய கார்டு என்றால் அடாப்டர் தேவை. எந்த அடாப்டர் என்பதை ஒரு கணக்கு சொல்லும்.

மானிட்டர் ஒரு படத்தை வரையும்போது நாம் பார்க்கும் கோடுகளை மட்டும் வரைவதில்லை. கதிர் கீழேயிருந்து மேலே திரும்பவும், ஒவ்வொரு கோட்டின் முடிவிலிருந்து அடுத்ததன் தொடக்கத்துக்கு வரவும் கூடுதல் நேரம் வேண்டும். 1024×768 என்பது 85 ஹெர்ட்ஸில் உண்மையில் 1376 அகலமும் 808 கோடுகளும் கொண்டது. 808 கோட்டை 85ஆல் பெருக்கினால் நொடிக்கு 68,680 கோடு, அதாவது 68.7 கிலோஹெர்ட்ஸ். மானிட்டர் 70 வரை தாங்கும் என்றால் இது உள்ளே அடங்கிவிட்டது. அதையே 1376ஆல் பெருக்கினால் 94.5 மெகாஹெர்ட்ஸ். அடாப்டர் தாங்க வேண்டிய எண் இதுதான்.

இப்போது மற்றவற்றைப் பாருங்கள். 1280×960, 85 ஹெர்ட்ஸ்: 148.5 மெகாஹெர்ட்ஸ். 1280×1024, 85: 157.5. 1600×1200, 85: 229.5. கடைகளில் கிடைக்கும் சாதாரண எச்டிஎம்ஐ – விஜிஏ அடாப்டர்கள் 1920×1080-ஐ 60 ஹெர்ட்ஸில் தருவதற்காகச் செய்யப்பட்டவை; பெரும்பாலும் 165 மெகாஹெர்ட்ஸ் சுமாரில் நின்றுவிடும். ஆக, 70 கிலோஹெர்ட்ஸ் 17 அங்குல மானிட்டருக்கு அந்த மலிவான அடாப்டரே தாராளம். அந்த மானிட்டர் 120 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிக் கேட்கப்போவதே இல்லை. இதற்குப் போய் விலை உயர்ந்த அடாப்டரை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பது வீண் செலவு. 19 அங்குலத்துக்கும் பெரும்பாலும் இது ஒப்பேறும். 21 அங்குலம் வாங்கியவர்தான் யோசிக்க வேண்டும்.

அவர்களுக்கு டிஸ்ப்ளேபோர்ட் வழிதான் சரி. அனலாஜிக்ஸ் ஏஎன்எக்ஸ்9847 சில்லு கொண்ட டெலாக் 62967, சினாப்டிக்ஸ் விஎம்எம்2322 சில்லு கொண்ட சுனிக்ஸ் டிபியு3000, ஸ்டார்டெக் டிபி2விஜிஏஎச்டி20 ஆகியவை 300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போகும். வாங்கும்போது மாடல் எண்ணையும் சில்லின் பெயரையும் பார்த்து வாங்குங்கள். ‘4கே ஆதரவு’ என்று பெட்டியில் எழுதியிருப்பது விஜிஏ பக்கத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

எஸ்.பி. ரோட்டில் அடாப்டர் கேட்கும்போது திசையைத் தெளிவாகச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் பக்கம் எச்டிஎம்ஐ ஆண் முனை, மானிட்டர் பக்கம் விஜிஏ பெண் துளை. விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போகும் எதிர்த்திசை அடாப்டரும் அச்சு அசலாக அதே போலத்தான் இருக்கும். அது இதற்கு உதவாது. இரண்டு முனைகளும் வெறும் பிளக்காக, நடுவில் எந்தப் பெட்டியும் தடிப்பும் இல்லாத ‘எச்டிஎம்ஐ – விஜிஏ கேபிள்’ பலவற்றில் சில்லே கிடையாது, படமே வராது. சில்லு இருந்தால் கொஞ்ச நேரத்தில் வெதுவெதுப்பாகும். எச்டிஎம்ஐ துளை உறுதியாகத் தருவது 55 மில்லியாம்பியர் மட்டும்; ஆகவே யுஎஸ்பியிலிருந்து கரண்ட் எடுக்கும் சின்னத் துளை பக்கவாட்டில் உள்ள அடாப்டரை வாங்குவது நல்லது. ஆட்டத்தின் நடுவே இரண்டு விநாடி திரை கறுத்துத் திரும்ப வருவதற்குப் பெரும்பாலும் இந்தக் கரண்ட் பற்றாக்குறைதான் காரணம்.

தாமதம் வருமா என்று பலரும் கேட்பார்கள். இந்த அடாப்டர்கள் படத்தைச் சேமித்து வைத்து அனுப்புவதில்லை. வரும்போதே மாற்றித் தள்ளுகின்றன. பயப்பட வேண்டாம்.

விஜிஏ கேபிள் தடியாக, இரண்டு முனையிலும் ஃபெரைட் உருளையோடு, ஒன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும். மெல்லிய கேபிளில் ஒவ்வொரு எழுத்தின் வலப்பக்கமும் நிழல் விழும். 15 ஊசிகளில் 12, 15 ஆகிய இரண்டின் வழியாகத்தான் மானிட்டர் தன் எண்களைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. மலிவான கேபிள்களில் சில ஊசிகளே இருக்காது. அப்போது விண்டோஸ் மானிட்டரின் பெயர் தெரியாமல் விழிக்கும்.

இணைத்து ஓட்டுவது

ஒரு எல்சிடி திரையையும் சேர்த்து இணைத்து வையுங்கள். சோதனைக் காலத்தில் டப்பா மானிட்டர் கறுத்துப் போனால் திரும்பி வர அதுதான் வழி.

1. மானிட்டரை அடாப்டரோடு இணைத்து, விண்டோஸில் டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போய், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பகுதியில் மானிட்டரின் பெயரும் ரிஃப்ரெஷ் ரேட் பட்டியலும் வருகின்றனவா பாருங்கள். 85 அங்கேயே இருந்தால் அதிர்ஷ்டம். இருக்கும் பட்டியலோடு முதலில் ஓட்டிப் பாருங்கள்.

2. இல்லையென்றால் சி.ஆர்.யு. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கஸ்டம் ரெசல்யூஷன் யுட்டிலிட்டியை இறக்குங்கள். இலவசம், என்விடியா, ஏஎம்டி இரண்டுக்கும் பொருந்தும். மேலே உள்ள பட்டியலில் டப்பா மானிட்டரைத் தேர்ந்தெடுங்கள். சில அடாப்டர்கள் தானே ஒரு 1920×1080 திரை என்று பொய் சொல்லும்; அந்த வரிகளை இங்கே நீக்கிவிடலாம்.

3. டீட்டெய்ல்டு ரெசல்யூஷன் பகுதியில் புதிதாக ஒன்றைச் சேர்த்து, 1024, 768, 85 என்று இடுங்கள். டைமிங் பட்டியலில் பெயரில் சிஆர்டி என்று வருவதைத் தேர்ந்தெடுங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலில் செய்தால் ஜிடிஎஃப். ‘ரெட்யூஸ்டு’ என்று வரும் எதையும் தொடாதீர்கள். அது எல்சிடிக்கானது, கதிர் திரும்பி வருவதற்கான நேரத்தை வெட்டிவிடும். விளைவு, படத்தின் இடது விளிம்பு தன் மேலேயே மடிந்து தெரியும்.

4. அதே பெட்டியில் கிலோஹெர்ட்ஸும் மெகாஹெர்ட்ஸும் தானாகக் கணக்கிட்டு வரும். உங்கள் இரண்டு எண்களோடு ஒப்பிடுங்கள். தாண்டியிருந்தால் ஹெர்ட்ஸைக் குறையுங்கள். மானிட்டரின் உச்ச எண்ணில் எப்போதும் ஓட்ட வேண்டியதில்லை. ஓரிரு கிலோஹெர்ட்ஸ் கீழே நிறுத்துவது வயதான மின்சுற்றுக்கு நல்லது.

5. சேமித்துவிட்டு, அதே கோப்புறையில் உள்ள ரீஸ்டார்ட்64-ஐ ஓட்டுங்கள். 15 விநாடியில் படம் திரும்பவில்லை என்றால் எஃப்8 விசை. முழுக்கக் குழம்பினால் ரீசெட்-ஆல் கோப்பை ஓட்டினால் எல்லாம் பழையபடி ஆகும்.

6. கார்டின் கண்ட்ரோல் பேனலில் ஸ்கேலிங்கை ‘நோ ஸ்கேலிங்’ அல்லது ‘டிஸ்ப்ளே’ ஆக்குங்கள். இதை விட்டுவிட்டால், நீங்கள் 640×480 கேட்டாலும் கார்டு அதை இழுத்துப் பெரிதாக்கி வேறு அளவில் அனுப்பும். இத்தனை உழைப்பும் வீண்.

7. எச்டிஎம்ஐ அடாப்டர் என்றால் அவுட்புட் டைனமிக் ரேஞ்சை ‘ஃபுல்’ என்று மாற்றுங்கள். ‘லிமிடெட்’டில் இருந்தால் கறுப்பு சாம்பலாகவும் வெள்ளை மங்கலாகவும் இருக்கும். மானிட்டரின் மேல் பழி போட்டுப் பலர் பிரைட்னஸைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு விண்டோஸில் டப்பா மானிட்டரையே முதன்மைத் திரையாக்குங்கள். எச்டிஆர், ஜி-சிங்க் இரண்டும் அணைந்திருக்கட்டும். பார்டர்லெஸ் முறையில் ஓடும் கேம்கள் டெஸ்க்டாப்பின் அளவையே எடுத்துக்கொள்ளும். ஆகவே கேமைத் திறக்கும் முன் டெஸ்க்டாப்பை அந்த அளவுக்கு மாற்றிவிடுங்கள்.

எந்த அளவு, எத்தனை ஹெர்ட்ஸ்

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது. எல்சிடி பழக்கத்தில் ‘இந்த மானிட்டரின் நேட்டிவ் என்ன?’ என்று கேட்கிறார்கள். குழாய்க்கு நேட்டிவ் கிடையாது. 70 கிலோஹெர்ட்ஸ் என்பது ஒரு சம்பளம் மாதிரி. அதைக் கோடுகளில் செலவழிக்கலாம், அல்லது ஹெர்ட்ஸில் செலவழிக்கலாம். 1152×864 வாங்கினால் 75 ஹெர்ட்ஸ். 1024×768 என்றால் 85. 800×600 என்றால் 100 ஹெர்ட்ஸ், செலவு 63.6 கிலோஹெர்ட்ஸ். 640×480க்கு இறங்கினால் 120 ஹெர்ட்ஸ் சுலபமாகக் கிடைக்கும்.

துப்பாக்கிச் சண்டை கேமுக்கு 800×600 என்றால் முகம் சுளிக்கிறார்கள். ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் புரியும். புது கார்டுக்கு 800×600 ஒரு பாரமே இல்லை. ஆகவே கேமுக்குள் ரெண்டர் ஸ்கேலை 200 சதவீதம் வையுங்கள். கார்டு 1600×1200 இல் வரைந்து, 800×600ஆகச் சுருக்கி அனுப்பும். படிக்கட்டு விளிம்புகள் மறைந்துவிடும். குழாயின் இயல்பான மென்மையோடு சேர்ந்து படம் வீடியோ போலத் தெரியும். புது கார்டும் பழைய குழாயும் சேர்ந்தால் கிடைக்கும் உண்மையான லாபம் இதுதான், அந்தக் காலத்தில் யாரும் இதைப் பார்த்திருக்க முடியாது.

ஆனால் ஒரு நிபந்தனை. கேமின் ஃப்ரேம் எண்ணிக்கையும் மானிட்டரின் ஹெர்ட்ஸும் ஒன்றாக இருக்க வேண்டும். 60 ஃப்ரேமில் பூட்டப்பட்ட கேமை 120 ஹெர்ட்ஸில் ஓட்டினால் ஒவ்வொரு படமும் இரண்டு முறை மின்னும். ஓடும் பொருளுக்கு இரட்டை விளிம்பு தெரியும். கூர்மைக்காகக் குழாய் வாங்கிவிட்டு அந்தக் கூர்மையை இழப்பது அது. சண்டை கேம்கள், பழைய கன்சோல் எமுலேட்டர்கள் போன்றவற்றுக்கு 60 ஹெர்ட்ஸே சரி. 60இல் வெள்ளைப் பரப்பு கண்ணில் துடிக்கும், உண்மைதான். பிரைட்னஸைக் குறைத்து, அறை விளக்கை மானிட்டருக்குப் பின்னால் மங்கலாக எரியவிட்டால் தாங்கும். டெஸ்க்டாப் வேலைக்கு மட்டும் 85க்குத் திரும்புங்கள்.

ஃப்ரேமைப் பூட்டுவதற்கு ரிவாட்யூனர் என்ற மென்பொருளில் உள்ள ஸ்கேன்லைன் சிங்க் நன்றாக வேலை செய்கிறது. படம் கிழியும் கோட்டைத் திரைக்கு வெளியே தள்ளிவிடும், தாமதமும் குறைவு. அது ஒத்துவரவில்லை என்றால் வி-சிங்க் போட்டு, ஃப்ரேம் வரம்பை மானிட்டரின் துல்லியமான ஹெர்ட்ஸுக்கு 0.01 கீழே வையுங்கள். இங்கே மாறும் ரிஃப்ரெஷ் ரேட் என்ற வசதி இல்லை. கார்டு 85ஐத் தொடர்ந்து தர முடியாத கேமில் தரத்தைக் குறைத்தாவது 85ஐ எட்டுங்கள். முடியாவிட்டால் மானிட்டரை 75க்கு இறக்குங்கள். நடுவில் தடுமாறும் ஃப்ரேம் குழாயில் எல்சிடியை விட மோசமாகத் தெரியும்.

1280×1024 என்ற அளவு 4:3 விகிதம் கிடையாது. குழாய் 4:3. அதில் வட்டம் சற்றுத் தட்டையாகும். 1280×960ஐப் பயன்படுத்துங்கள்.

பழைய 240 கோடு கேம்களுக்கு ஒரு வழி உண்டு. கம்ப்யூட்டர் மானிட்டர் பெரும்பாலும் 30 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காது; டிவியின் 15.7 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை அது ஏற்காது. ஆனால் 240 கோட்டை 120 ஹெர்ட்ஸில் அனுப்பினால் 262ஐ 120ஆல் பெருக்க, 31.4 கிலோஹெர்ட்ஸ் வந்துவிடும். ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டர் மென்பொருளில் பிளாக் ஃப்ரேம் இன்செர்ஷனைப் போட்டால் ஒன்று விட்டு ஒன்று கறுப்பாகி, இரட்டை விளிம்பு இல்லாத 60 கிடைக்கும். அகலத்தை மட்டும் 320 என்று வைக்காதீர்கள். 25 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே போய் எச்டிஎம்ஐ சிக்னலே நிற்காது. 1280×240 என்று வையுங்கள்.

படத்தைச் சீராக்குவது

அரை மணி சூடான பிறகு தொடங்குங்கள். இருட்டறையில் கறுப்புப் படம் போட்டு, பிரைட்னஸைக் கறுப்பு சரியாக மறையும் புள்ளி வரை இறக்குங்கள். பிறகு கான்ட்ராஸ்ட். வெள்ளைக் கட்டம் தோன்றும்போது படமே விரிந்து சுருங்குகிறது என்றால் அதிகம் வைத்துவிட்டீர்கள். வண்ண வெப்பநிலை 9300இல் நீலம் தூக்கலாக இருக்கும்; 6500 இயல்பு. மானிட்டர் ஒவ்வொரு ரெசல்யூஷனுக்கும் நீள அகலம், வளைவு ஆகியவற்றைத் தனித்தனியாக நினைவில் வைக்கும். இருபது ரெசல்யூஷன் சேர்த்தால் இருபது முறை சீராக்க வேண்டும். மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

டிகாஸைத் தொடர்ந்து அழுத்தாதீர்கள். அதில் உள்ள தெர்மிஸ்டர் (சூட்டால் மின்தடை மாறும் உறுப்பு) ஆறுவதற்கு இருபது முப்பது நிமிடம் வேண்டும். அதற்குள் அழுத்தினால் பலன் இல்லை. மானிட்டரின் திசையைத் திருப்பினால் ஒருமுறை டிகாஸ் கொடுங்கள், பூமியின் காந்தப்புலமே நிறத்தை நகர்த்தும்.

கோளாறுகள்

‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று வந்தால் கிலோஹெர்ட்ஸ் எல்லையைத் தாண்டிவிட்டது. உடனே குறையுங்கள், அப்படியே விட்டுவைக்காதீர்கள். மிகப் பழைய மாடல்களில் அந்தப் பாதுகாப்பே இல்லை, விசிலடிக்கும், கையோடு அணையுங்கள்.

திரை முழுக்க மஞ்சளாக இருந்தால் நீலம் வரவில்லை. ஊதா கலந்த இளஞ்சிவப்பு என்றால் பச்சை இல்லை. நீலப்பச்சை என்றால் சிவப்பு இல்லை. முதலில் பிளக்கைக் கழற்றி ஊசி வளைந்திருக்கிறதா பாருங்கள். விஜிஏயின் 1, 2, 3 ஊசிகள்தான் முறையே சிவப்பு, பச்சை, நீலம். கேபிளை அசைத்தால் நிறம் வந்து போகிறது என்றால் கேபிளை மாற்றினால் தீரும். கேபிளை மாற்றியும் தீராமல், பெட்டியைத் தட்டினால் வந்து போகிறது என்றால் உள்ளே சாலிடர் விரிசல்; மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான்.

படம் நிற்காமல் அலைபாய்கிறதா? பெங்களூரு வீடுகளில் இதற்கு வழக்கமான காரணம் வீட்டு இன்வர்ட்டர், யுபிஎஸ், ஸ்டெபிலைசர் ஆகியவற்றின் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலோ சுவருக்கு மறுபுறமோ இருப்பது. கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை: மானிட்டரை 800×600, 100 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 100 அதன் இரட்டிப்பு. அலை நின்றுபோனால் அல்லது மிக மெதுவாக நகர்ந்தால் மின்காந்தத் தொந்தரவேதான். ஒரு மீட்டர் தள்ளி வைத்தாலே போதும். மேசை ஸ்பீக்கரையும் விலக்குங்கள், அதன் காந்தம் மூலைகளில் நிறம் பூசும். கீழிருந்து மேலே மெல்ல உருளும் மங்கலான பட்டை என்றால் எர்த்திங்கைப் பாருங்கள். மானிட்டரும் கம்ப்யூட்டரும் ஒரே சாக்கெட் பலகையில், எர்த் உள்ள மூன்று முள் பிளக்கில் இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ்ஸில் இந்த மானிட்டரைப் போடாதீர்கள். 17 அங்குலம் 100 வாட் சுமார் எடுக்கும். போட்டவுடன் ஓடும் டிகாஸ் ஒரு கணம் பெரிய மின்னோட்டத்தை இழுப்பதால் சின்ன யுபிஎஸ் வீழ்ந்துவிடும். ஸ்பைக் கார்டு (spike guard) பலகை வழியாக நேரடி மின்சாரம் போதும். கரண்ட் போனால் திரை மட்டும் போகும், கேம் யுபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருக்கும். எல்சிடிக்கு மாறிச் சேமித்துக்கொள்ளலாம்.

திடீரென்று படம் சுருங்கி, ஒரே ஒரு கிடைக்கோடாகவோ நடுப்புள்ளியாகவோ நின்றால் உடனே அணையுங்கள். ஓடவிட்டால் அந்த இடத்தில் ஒளிர்பொடி எரிந்துவிடும். கருகிய வாடை, தொடர்ந்த டிக் டிக் ஒலி, புகை இவற்றில் எதுவாக இருந்தாலும் சுவர் ஸ்விட்ச்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஓய்வில் வைக்கும் மானிட்டரை மாதம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் ஓட்டுங்கள், முக்கியமாக ஜூன் முதல் நவம்பர் வரை. மேலே துணி போர்த்துங்கள். ஓடும்போது மறக்காமல் எடுத்துவிடுங்கள், காற்றுத் துளைகள் மேலேதான் இருக்கின்றன.

செத்துப்போன குழாயைக் குப்பை வண்டியிலோ காலி மனையிலோ போடக் கூடாது. அதன் கூம்புப் பகுதிக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி இது பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குப் போக வேண்டும். கொடுப்பதற்கு முன் விஜிஏ கேபிள், பவர் கேபிள், சாய்வுத் தாங்கி மூன்றையும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மானிட்டர் பெரும்பாலும் அவை இல்லாமல்தான் வரும்.